கல்யாணத்துக்குக் காரணம் எழுதிய வேலை

அன்று வந்திருந்தவர்கள்: சங்கத்தின் செயலாளர் தனலட்சுமி அம்மா, மணமகள் கனகா, மணமகன் பழனி, பூதிகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த மணமகளின் தாய்மாமன் மணி, எழுத்தராக நான். வராதவர்கள் இருவர். ஒருவர் சங்கத்தின் தலைவர். அவர் வராதது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. இன்னொருவர் மணமகளின் அண்ணன் சேகர். அவருக்குப் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி.

எங்கள் சம்மதப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான் தொடங்கும். முதலில் வந்தவர்கள், பிறகு வராதவர்கள். வந்தவர்களால் பெரும்பாலும் தொந்தரவு இருந்ததில்லை. பதினொரு வருடம் இப்படியே எழுதியதால் எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றவன் என்றால் சிரிக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆனால் நடந்தது ஓய்வுதான். போன வருடம் பொதுக்குழு கூடி, சம்மதப் புத்தகத்தை மூடுவது என்றும் எழுத்தருக்கு ஓய்வு கொடுப்பது என்றும் தீர்மானம் போட்டது. சால்வை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். தீர்மானத்தை எழுதியதும் நான்தான். சாம்பியன் ரீப்ஸில் சங்கத்துக்கு இருக்கும் அந்த ஒரே அறையில் இப்போது திவ்யா என்ற பெண் கம்ப்யூட்டர் வைத்து, கல்யாணப் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். பீரோவில் இருந்த பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"ஆதார் கேக்கறாங்க, போட்டோ கேக்கறாங்க, அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறாங்க. ஏன் கட்டிக்கிறீங்கன்னு எங்கயும் கேக்கறதில்லையேண்ணா. நீங்க மட்டும் இன்னாத்துக்குக் கேட்டீங்க?"

சங்கத்து ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால் இதையே எழுதுகிறேன்.

இங்கே தங்கச் சுரங்கம் நடத்திய கம்பெனியின் காலத்தில் கல்யாணம் ஆனவனுக்குத்தான் குடும்ப வீடு. ஆகாதவன் இன்னும் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்க வேண்டும். ஒருவன் ஷிப்டுக்குப் போனதும் அவன் பாயில் இன்னொருவன் படுப்பான். அதனால் இல்லாத மனைவியைக் காட்டி வீடு கேட்டவர்கள் உண்டு. ஒருவர் வட ஆற்காட்டிலிருந்து சொந்த அக்காவை அழைத்து வந்து மனைவி என்று நிறுத்தியதாகவும், அக்கா அதிகாரி முன்னிலையிலேயே அவரை வாடா போடா என்று பேசியதால் அகப்பட்டுக்கொண்டதாகவும் சொல்வார்கள். இந்த மாதிரி நடந்ததில், சங்கம் விசாரித்துக் கடிதம் கொடுத்தால்தான் வீடு என்றாகிவிட்டது. கடிதத்தில் பெயர், வயது, குடியிருப்பு வரிசையான லைன் எல்லாம் எழுத இடம் இருந்தது. கடைசியில் 'காரணம்' என்று ஓர் இடம். அதே மாதிரி சங்கமும் ஒரு புத்தகம் போட்டுக்கொண்டது. பிறகு மைன் மூடிவிட்டது, கம்பெனி போய்விட்டது, கடிதம் கேட்க ஆளில்லை. ஆனால் அச்சடித்த புத்தகங்கள் பீரோ நிறைய மீதி இருந்தன. எழுதப்படாத பக்கம் இருக்கும்வரை எழுதுவது என்று முடிவானது.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. மைன் மூடிய பிறகு என் அப்பா பெங்களூரில் மூட்டை தூக்கினார். அவர் கைநாட்டு, அம்மாவும் அப்படியே. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.ஏ. முடித்தேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் பிழையில்லாமல் எழுதுவேன். பயிற்சி ஒரு மாதம். அதில் மூன்று வாரம் நேராகக் கோடு போடுவதற்கே போயிற்று.

செயலாளர் தனலட்சுமி அம்மாவை ஊரில் எக்ஸ்சேஞ்ச் அம்மா என்பார்கள். கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். சுரங்க ஷாஃப்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய துரையின் பங்களாவுக்கு என்று எத்தனையோ செய்திகளைக் கைமாற்றிவிட்டவர். ஒரு செய்தியைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வார். கடைசியில் "சரி" என்பார். ஒத்துக்கொண்டார் என்று நினைக்கக் கூடாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் லீவு கேட்டேன். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றேன். "லீவு வேணும். தங்கச்சிக்குக் காய்ச்சல். சரி" என்றார். லீவு கிடைத்ததா இல்லையா என்று தெரியாததால் மறுநாள் வேலைக்கே வந்துவிட்டேன். அவர் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். காரணத்தைப் பெண்ணிடம் முதலில் கேட்பார். ஆணிடம் முதலில் கேட்டால், பெண் "அவரு சொன்னதுதான்" என்று முடித்துவிடுவாள், புத்தகப் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. பதில் ஒரு வரியில் இருக்க வேண்டும். அதை நான் பென்சிலால் ரஃப் நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு புத்தகத்தில் கறுப்பு மையால் நகல். நகலை உரக்கப் படிக்க வேண்டும். அதன் பிறகு கையெழுத்து. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எழுத்தின் மேல் எழுத்து ஏற்றக் கூடாது. தப்பு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் எல்லோரும் சுருக்கொப்பம் போட வேண்டும்.

வேலை இல்லாத நாட்களில் நான் பழைய புத்தகங்களைப் படிப்பேன். முதல் புத்தகங்களில் காரணம் தேட வேண்டியதே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் 'குவார்ட்டர்ஸ்', அதாவது கம்பெனி வீடு, என்றுதான் இருக்கும். இடையிடையே 'தாய் இறந்தார், சமைக்க ஆள் இல்லை', 'தம்பிமார் மூவர் சிறுவர்', 'அக்காள் மகள்'. யாரும் யாரையும் பிடித்திருப்பதாகச் சொன்னதில்லை. மைன் மூடப்போகிறது என்ற பேச்சு வந்த வருடங்களில் 'மூடுவதற்குள்' என்ற ஒரே சொல்லைக் காரணமாக எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 'பெங்களூரில் நிரந்தர வேலை'. என் கையெழுத்து ஆரம்பிக்கும்போது 'பிடித்திருக்கிறது' வந்துவிட்டது. அதோடு 'ஆபீஸ் இன்சூரன்ஸில் சேர்க்க', 'லோனுக்கு இரண்டு சம்பளம் வேண்டும்', 'கனடா' ஆகியவையும். ஒரு பையன் "எல்லாரும் கேக்கறாங்க" என்றான். "எல்லாரும் கேக்கறாங்க. சரி" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அதையும் எழுதினேன்.

'பிடித்திருக்கிறது' மட்டும் அவருக்குப் போதாது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்படிச் சொன்னபோது, இன்னா பிடிச்சிருக்கு என்று கேட்டார். பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் அவள் சொன்னாள், "எப்ப போன் பண்ணாலும் எடுக்கிறாரு." எக்ஸ்சேஞ்ச் அம்மா அதைத் திருப்பிச் சொல்லவேயில்லை. நேராக "எழுதிக்க" என்றார். என் பதினொரு வருடத்தில் அவர் திருப்பிச் சொல்லாமல் விட்ட காரணம் அது ஒன்றுதான்.

இனி கனகா, பழனி விஷயம். இது நடந்து நாலு வருடம் ஆகிறது.

கனகா அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை, செக்கிங் பிரிவு. காலை டிரெயினில் போய் இருட்டும்போது வருவார். அவர் அப்பா மைன் தொழிலாளி. கம்பெனி வீடுகளைப் பழைய தொழிலாளிகளின் குடும்பத்துக்கே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு நடந்ததில், அந்த லைன் வீடு அண்ணன் தங்கை இருவருக்கும் பொதுவாக வந்திருந்தது. அப்பாவைக் கடைசி ஆறு வருடம் பார்த்துக்கொண்டது கனகா. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தது சேகர். அண்ணன் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வீடு முழுதும் கனகாவுக்கு. போடுவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் சேகர் அண்ணன் சங்கத்துக்கு வந்தார். ஒரு பெரிய அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

"கையெழுத்து போடறேன்மா. எனக்கு இன்னாத்துக்கு அந்த வூடு. ஆனா வர்றவன் வூட்டுக்கோசரம் வர்றவனா இருந்தா போட மாட்டேன். மாரிக்குப்பத்துல ஒருத்தன் அப்படித்தான் வந்தான். வூட்டை வித்துட்டான். அந்தப் பொண்ணு இப்ப தம்பி வூட்ல கீது" என்றார். "ஞாயித்துக்கெழமை எனக்கு டியூட்டி. அடுத்த வாரம் வந்து உங்க புக்கைப் பாப்பேன். அவன் இன்னா சொன்னான்னு அதுல இருக்குமில்ல. பாத்துட்டுப் போடறேன். இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா நல்லதா நாலு வார்த்தை பேசி வெச்சிக்கினு வந்துடுவாங்க."

"புக்கைப் பாத்துட்டுப் போடுவீங்க. அவங்ககிட்ட சொல்லக் கூடாது. சரி" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்த ஐந்து பேரில், பழனி சொல்லப்போகும் ஒரு வரியில்தான் வீடு இருக்கிறது என்று இரண்டு பேருக்குத் தெரியும். சொல்லப்போகிறவருக்குத் தெரியாது.

பழனி அண்ணன் எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பகுதிக்காரர். நாற்பத்து நாலு வயது, லிப்ட் மெக்கானிக். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு. அன்று அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். மணி மாமா ஊரிலிருந்து ஒரு பை தக்காளி கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்திருந்தார்.

எப்படிப் பழக்கம் என்று எக்ஸ்சேஞ்ச் அம்மா கேட்டார். டிரெயினில் என்றார்கள். எத்தனை வருடம்? ஆறு. பேச ஆரம்பித்தது எப்போது?

"அஞ்சாவது வருஷம்" என்றார் பழனி.

மணி மாமா சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

முதலில் கனகாவிடம் காரணம் கேட்கப்பட்டது. அவர் தயாராக வந்திருந்தார்.

"கேஸ்காரன் பகல்ல வர்றான்மா. நான் பகல்ல வூட்ல இல்ல. மூணு தபா சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கினு போய்ட்டான். இவருக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். அந்த வாரம் பகல்ல வூட்ல ஆள் இருக்கும்."

"ஏம்மா, வேற நல்லதா எதாச்சும் சொல்லேன்" என்றார் மணி மாமா மெதுவாக.

"இது இன்னா மாமா கெட்டது?"

"கேஸ்காரன் பகல்ல வர்றான். பகல்ல வீட்ல ஆள் இருக்கும். சரி" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. பிறகு பழனி பக்கம் திரும்பினார்.

"வூடும்மா" என்றார் பழனி. "அவங்களுக்கு வூடு கீது, ஆள் இல்ல. நான் ஆள் கீறேன், வூடு இல்ல."

அதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். அவர் விளக்கமும் கொடுத்தார். அண்ணன் வீட்டில் முன்னறையில் படுக்கிறார். டி.வி. அங்கேதான் இருக்கிறது. சீரியல் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கிறார், அதுதான் தாங்கவில்லை என்றார்.

"அவங்களுக்கு வீடு இருக்கு, ஆள் இல்ல. நீங்க ஆள் இருக்கீங்க, வீடு இல்ல. சரி." எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். கரண்ட் பில்லை உள்ளபடி படிப்பேன். பெரியப்பாவின் கடிதத்தை அப்படிப் படிக்க முடியாது. அப்பாவைத் திட்டியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு, நலமா என்று கேட்டிருக்கும் இடத்தை இரண்டு தடவை படிப்பேன். என் ரிப்போர்ட் கார்டில் டீச்சர் எழுதியதைக்கூட கொஞ்சம் கூட்டித்தான் படித்தேன். அப்பா சந்தோஷமாகக் கைநாட்டு வைப்பார். யாரும் என்னைப் பிடித்ததில்லை. பிடிப்பதற்கு வீட்டில் படித்தவர்கள் இல்லை. இதைப் பொய் என்று நான் நினைத்ததே கிடையாது. படித்தவன் வீட்டுக்குச் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.

அன்றும் அதையே செய்தேன். ரஃப் நோட்டில் சொன்னது சொன்னபடி இருந்தது. புத்தகத்தில், கனகாவுக்கு நேராக 'வீட்டில் துணை வேண்டி' என்றும், பழனிக்கு நேராக 'மனம் ஒத்துப்போனதால்' என்றும் கறுப்பு மையில் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன். பிறகு எழுந்து நின்று உரக்கப் படித்தேன்.

மணி மாமா, "ஆங், இது காரணம்" என்றார்.

"தம்பி, இது யாரு சொன்னது?" என்றார் பழனி.

"நீங்க சொன்னதோட சாரம்ணா."

"நான் மனசுன்னு ஒண்ணும் சொல்லலியே. வூடுன்னுதானே சொன்னேன்."

நான் அவரைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "கண்ணுல இன்னா தம்பி, தூசியா?" என்று கேட்டார்.

"இப்படி இருந்தா நல்லா இருக்கும்ணா" என்றேன்.

"நல்லாத்தான் கீது. ஆனா நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது? ஒத்துப்போச்சான்னு எனக்கே தெரியாது. கட்டிக்கினாத்தானே தெரியும். சொல்லாத விஷயத்துக்கு நான் எப்படிக் கையெழுத்து போடுவேன்?"

எக்ஸ்சேஞ்ச் அம்மா ரஃப் நோட்டை வாங்கிப் படித்தார். புத்தகத்தைப் படித்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "அடிச்சிட்டு எழுது" என்றார்.

ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். மேலே, மீதி இருந்த இடத்தில், 'வீடு' என்று எழுதினேன். கனகாவின் வரியையும் அடித்து 'கேஸ் வாங்க' என்று மாற்றினேன். எல்லோரும் சுருக்கொப்பம் போட்டார்கள். 'மனம் ஒத்துப்போனதால்' கோட்டுக்கு அடியில் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகர் அண்ணன் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தார். கனகாவையும் பழனியையும் அவரே வரச் சொல்லியிருந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கையெழுத்துப் போடுகிற எண்ணத்தோடுதான் வந்திருந்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அடித்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"மொதல்ல மனசுன்னு எழுதிக்கிறீங்க. அப்பறம் அடிச்சிட்டு வூடுன்னு எழுதிக்கிறீங்க."

தப்பு என்னுடையது என்றேன். அவர் சொன்னது முதலிலிருந்தே வீடுதான், நான்தான் மாற்றி எழுதினேன் என்றேன்.

"உன்னை யாரு மாத்தி எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணா."

"யாரும் சொல்லாம ஒருத்தன் இன்னாத்துக்கு மாத்தி எழுதுவான்?"

பெரியப்பாவின் கடிதத்தைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது.

"வூடுன்னு நேரா எழுதியிருந்தா, ஆம்பள நேரா பேசறான்னு நினைச்சிருப்பேன்" என்றார் சேகர். "நான் கேட்ல ரிஜிஸ்டர் பாக்கிறவன் தம்பி. எண்ட்ரியை அடிச்சிருந்தா அந்த வண்டியை உள்ள வுட மாட்டேன். உள்ள இருக்கிறது நல்ல சாமானா கெட்ட சாமானான்னு பாக்கிறது என் வேலை இல்ல."

நேராக எழுதியிருந்தால் உண்மையிலேயே ஒத்துக்கொண்டிருப்பாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எக்ஸ்சேஞ்ச் அம்மா எழுந்து பீரோவைத் திறந்தார். சாவி இடுப்பிலேயே இருக்கும். அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைத் திறந்து சேகர் முன்னால் வைத்தார். சேகர், கனகா இருவருக்கும் அப்பாவான மனிதரின் பக்கம் அது. காரணம் என்ற இடத்தில் 'குவார்ட்டர்ஸ்' என்று இருந்தது. அதற்கு முந்தைய பக்கமும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. அவர் வாயைத் திறக்காமல் ஏழெட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்கு முன் யாருக்காகவும் அவர் பீரோ வரை நடந்து நான் பார்த்ததில்லை.

சேகர் அப்பாவின் பக்கத்தையும் விரலை வைத்துப் படித்தார். அவரைப் பெற்ற அம்மாவின் கைநாட்டு அதில் இருந்தது.

"அது கம்பெனி வூடும்மா" என்றார். "இது எங்க வூடு."

அதுவரை நான் காரணங்கள் மாறிவிட்டன என்றே நினைத்திருந்தேன். மாறவில்லை. ஒரே காரணம்தான். வீடு அடுத்தவருடையதாக இருந்தவரை அதற்காகக் கல்யாணம் செய்தவன் பொறுப்பானவன். வீடு நம்முடையதாக ஆனதும் அதே ஆள் திருடன்.

"அது கம்பெனி வீடு. இது உங்க வீடு." எக்ஸ்சேஞ்ச் அம்மா புத்தகத்தை மூடினார். "சரி" என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

கனகா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தார். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. பழனி பக்கம் திரும்பினார்.

"வூடு இல்லன்னா வருவீங்களா?"

பழனி யோசித்தார். உடனே சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கும். அவர் கையிலிருந்த டிரெயின் பாஸை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"வூடு இல்லாம எப்படிங்க? இது இல்லன்னா வேற பாக்கணும். ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோமே, வாடகைக்குக் கிடைக்காதா?"

கனகா எழுந்து சேகரிடம் போனார். "நீ எனக்கு எழுதித் தர வேணாம்ணா. என் பங்கையும் நீயே வெச்சிக்க. பேப்பர் எங்க, குடு" என்றார்.

சேகர் இதை எதிர்பார்க்கவில்லை. தான் அதைக் கேட்கவில்லையே, வீட்டிலேயே இரு, இவரைக் கட்டிக்கொள்ளாமல் இரு என்றுதானே சொல்கிறேன் என்று என்னவோ சொன்னார். ஸ்வல்ப யோசி, கொஞ்சம் யோசி என்றார். இரண்டு வருடம் போகட்டும் என்றார். எனக்கு நாப்பது ஆகப்போவுது என்றார் கனகா. அதற்குமேல் இருவரும் குரல் உயர்த்தவில்லை. சேகர் பேனாவைப் பையிலிருந்து எடுக்காமலே போனார். கனகா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பேப்பரைப் பிறகு தபாலில் அனுப்பினார். கனகா கையெழுத்துப் போட்டபோது சாட்சியாக நானும் போட்டேன். ஒரு எழுத்து மாறாமல் உள்ளபடி படித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டேன்.

சேகர் வந்து போன அன்று மாலையே நான் எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். படித்தார். "வேலைய விட்டுப் போறே. மனசு சரியில்ல. சரி" என்றார். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது என் நாற்காலி மேஜை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கடிதம் ஃபைலில் இருந்தது. வேலையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தார். அதுமுதல் நகல் எழுதும்போது என் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

மூன்று வாரம் கழித்து, கனகாவும் பழனியும் புதிய பக்கத்துக்கு வந்தார்கள். ஏற்கெனவே சொன்ன காரணங்கள் செல்லாது, அந்த வீடு இப்போது இல்லை, திரும்பக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அந்த லைன் வீடு அதற்குள் பூட்டப்பட்டிருந்தது. சேகர் அண்ணனின் பூட்டு. இதை எழுதும் இன்றும் பூட்டித்தான் இருக்கிறது.

கனகா கேஸ் என்றே சொன்னார். பழனி இந்தத் தடவை கொஞ்சம் சங்கடமாக என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இப்பவும் வூடுதான்மா. ராபர்ட்சன்பேட்டையில ஒரு மாடி வூடு பாத்தோம். கீழ மளிகைக் கடை, கடைக்காரரோடதுதான் வூடு. தனியா ஒரு பொம்பளைக்குக் குடுக்க மாட்டாராம், தனியா ஒரு ஆம்பளைக்கும் குடுக்க மாட்டாராம். கல்யாணம் ஆனவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாரு. உங்க சங்கத்துல ஒரு லெட்டர் குடுத்தா நல்லதுன்னாரு."

எக்ஸ்சேஞ்ச் அம்மா அதை முழுதாகத் திருப்பிச் சொன்னார். பல வருடத்துக்குப் பிறகு சங்கம் வீட்டுக்காகக் கொடுத்த கடிதம் அது. என் பக்கத்தில் நின்று, காரணம் என்ற இடத்தில் நான் 'வீடு' என்று எழுதி முடிக்கும்வரை பார்த்தார். உரக்கப் படித்தேன். பழனி தலையசைத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கிருந்து நேராக அட்வான்ஸ் கொடுக்கப் போனார்கள். கனகாவின் பி.எஃப். பணமும் பழனியின் சீட்டுப் பணமும் பழனியின் டூல்ஸ் பையில் இருந்தன. அட்வான்ஸ் ஐம்பதாயிரம், மாதம் நாலாயிரத்து ஐந்நூறு, தண்ணீருக்குத் தனியாக இருநூறு.